நட்சத்திர மீனின் பிடி எதனால்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்வாழ் முதுகெலும்பற்ற உயிரினங்களின் உடலமைப்பு பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, ஆக்டோபஸின் மூன்று இதயங்களுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, நட்சத்திர மீன், கடல் அட்டை போன்ற முட்தோலிகளை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. அந்தப் பத்தியிலும், நட்சத்திர மீனின் கைகளுக்கு அடியிலுள்ள சிறு குழாய்க்கால்கள் வெற்றிடத்தை உண்டாக்கிப் பாறையை உறிஞ்சிப் பிடிக்கின்றன என்று எழுதப்பட்டுள்ளது. பாடநூல்களில் நெடுங்காலமாக இருந்துவரும் விளக்கம்தான் என்றாலும், இது இன்று போதுமானதன்று.

குழாய்க்காலின் நுனியிலுள்ள சுரப்புச் செல்களில் ஒரு வகை, ஒட்டும் புரதங்களைச் சுரக்கிறது. மற்றொரு வகை பிடியை விடுவிக்கும் பொருளைச் சுரக்கிறது. கால் நகர்ந்த பின்னும் அந்தப் பசையின் மெல்லிய தடம் பாறையில் எஞ்சியிருக்கும். சாயமேற்றினால் கண்ணுக்குப் புலப்படும். வெறும் உறிஞ்சலாக இருந்தால் இந்தத் தடத்துக்கு என்ன வேலை? நீரழுத்தம் முதன்மையாகப் பயன்படுவது காலை நீட்டுவதற்குத்தான்: உடலுக்குள் இருக்கும் சிறு பை சுருங்கும்போது நீர் காலுக்குள் தள்ளப்பட்டு அது நீள்கிறது, காலின் தசைகள் சுருங்கும்போது நீர் பைக்கே திரும்புகிறது.

சிப்பியைத் தின்னும்போது இந்தப் பிடியின் வலிமை தெரியும். ஓடுகள் இரண்டையும் விடாமல் இழுத்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி கிடைத்தாலே, நட்சத்திர மீன் தன் இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளி உள்ளே நுழைத்து, சிப்பியை அதன் ஓட்டுக்குள்ளேயே செரிக்கத் தொடங்கிவிடும். அதுவரை கைகளை வளைத்த நிலையிலேயே நிறுத்திவைப்பதில் தசைகளுக்குத் துணைநிற்பது, நரம்புகளின் தூண்டலால் இறுகவும் நெகிழவும் வல்ல இணைப்புத்திசு. தசையைப் போலத் தொடர்ந்து ஆற்றலைச் செலவிடாமல் இறுகி நிற்கும் திசு இது. தொட்டதும் கடல் அட்டை விறைத்துப்போவதும் இதனால்தான். மூன்று இதயங்களைவிட இதுவே பெரிய வியப்பு என்பது என் எண்ணம்.

முட்தோலிகள் நன்னீரில் ஏன் இல்லை என்று கேட்ட கட்டுரையாளர், விடை சொல்லாமலே நகர்ந்துவிட்டார். அவற்றின் உடல்நீரின் உப்புச்செறிவு ஏறத்தாழக் கடல்நீரினுடையதே. அதைச் சீராக்கும் தனி உறுப்பு அவற்றுக்குக் கிடையாது.

படத்திலும் ஒரு பிழை உண்டு. குழாய்க்கால்களை இயக்கும் நீர்க்குழாய் மண்டலத்தின் வாயிலான சல்லடைத் தட்டு வாயருகே குறிக்கப்பட்டுள்ளது. நட்சத்திர மீனில் அது வாய்க்கு எதிர்ப்புறத்தில், மையத்தைவிட்டுச் சற்று விலகி இருக்கும். வாய்ப்புறத்தில் இருப்பது, அதன் உறவான நொறுங்கு நட்சத்திரம் என்ற மற்றொரு முட்தோலியில். ஒன்றின் படம் மற்றொன்றின் பெயரில் வந்துவிட்டது போலும். மாணவர்கள் கத்தரித்து ஒட்டிவைக்கும் பக்கம் என்பதால், அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர்