வந்து போகிறவரும் ஊர்க்காரர்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட வெளிநாட்டுப் பயணங்களுக்கு இடையே சில நாட்கள் மட்டும் தம் நகரத்தில் தங்கிச் செல்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். அப்படி வருகிறவர்கள் நகரத்துக்கு விருந்தாளிகளே என்றும், பழைய நினைவுகளைத் தேடி அலைந்து ஏமாற்றத்தோடு விமானம் ஏறுகிறவர்கள் என்றும் கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சரக்குக் கப்பல் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். குறுகிய வருகை வெறும் எட்டிப் பார்த்தலாகச் சுருங்கிவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் நாட்கள் கரைந்துபோகும் விதம்தான் அதற்குக் காரணமே தவிர, வருகிறவரின் பற்றுக் குறைவு காரணமாகாது.

முதலில் உடம்பு நாட்களைத் தின்கிறது. பல நேர மண்டலங்களைக் கடந்து பறந்து வருகிறவரின் உயிர்க்கடிகாரம், ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் ஊர் நேரத்துக்கு இசைகிறது. அந்தக் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது என்பதால், மேற்கு நோக்கிப் பறப்பதைக் காட்டிலும் கிழக்கு நோக்கிப் பறப்பது பெரும்பாலோருக்குக் கடினமாக இருக்கிறது. எட்டு மணி நேர வித்தியாசமுள்ள துறைமுகத்தில் இறங்கிப் பத்து நாள் விடுப்பில் வருகிறவர், நடுப்பகலில் கண் சொருகியும் நடுநிசியில் விழித்துக் கிடந்துமே அதில் பெரும்பகுதியைக் கழிக்க நேர்கிறது. தூக்கம் ஒருவழியாக ஒழுங்குபடும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியதாகிவிடுகிறது. எஞ்சிய பொழுதையும் கடவுச்சீட்டுப் புதுப்பிப்பு, மருத்துவப் பரிசோதனை, வங்கி வேலை, தாம் இல்லாதபோது நடந்துவிட்ட துக்கத்துக்கு ஆறுதல் சொல்லப் போக வேண்டிய வீடுகள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொள்கின்றன.

இத்தனைக்கும் நடுவில்தான் அவர் தம் நகரத்தை மறுபடி அறிந்தாக வேண்டும். எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் தூண்டப்படும் நரம்பணுக்கள் இருப்பதை நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓகீஃப் 1971இல் வெளியிட்டார். மூளை இடத்தை அறியும் விதம் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக, ஆய்வாளர்களான மோசர் தம்பதியரோடு 2014இல் நோபல் பரிசும் பெற்றார். மனிதர்களின் இட நினைவும் அதே பகுதியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. எத்தனை மாதம் கழித்து வந்தாலும், இருட்டில் கை துழாவாமல் விளக்கு விசையைத் தொட்டுவிடுகிறது. மறுநாள் தெருவில் இறங்கினால் கால் தானாகவே பேருந்து நிறுத்தம் இருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே நிறுத்தம் இல்லை. கம்பத்தைப் பிடுங்கிய குழியின் மேல் பூசிய சிமென்ட், வெளுத்த வட்டமாகத் தெரிகிறது. எதிரே புதிதாக எழும்பிய அடுக்குமாடி காலை வெயிலை மறைத்துவிட்டதால், ஒன்பது மணிக்கே சுடும் நடைபாதை பத்து மணிக்கும் ஈரம் உலராமல் கிடக்கிறது. அன்றாடம் அவ்வழியே போகிறவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படுவதே அரிது. தினமும் பார்க்கிற பிள்ளையின் வளர்த்தி பெற்றவளுக்குத் தெரியாது என்பார்களே, அது போலத்தான். மரம் ஒன்று காணாமல் போனதையும், முதியவர் உட்கார்ந்து இளைப்பாறிய திண்ணை இடிக்கப்பட்டதையும் முதலில் கேட்கிறவர் பெரும்பாலும் வந்து போகிறவராகவே இருக்கிறார். கட்டுரையாளர் இதைப் பழைய நினைவில் மயங்குதல் என்கிறார். நகரத்தின் மீது உரிமையும் கவலையும் உள்ளவர் கேட்கும் கேள்வியாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சமூகவியலாளர் ஆல்ஃபிரட் ஷுட்ஸ், போர்முனையிலிருந்து வீடு திரும்பும் வீரர்களை மனத்தில் கொண்டு 1945இல் எழுதிய கட்டுரையில், திரும்பி வருகிறவர், அவரை எதிர்பார்த்திருப்பவர் ஆகிய இரு தரப்பையுமே ஆராய்ந்தார். வருகிறவர் தாம் விட்டுச் சென்ற வீட்டைத் தேடுகிறார். வீட்டிலிருப்பவர்கள் தம்மை விட்டுச் சென்ற ஆளைத் தேடுகிறார்கள். இரண்டுமே அப்படியே இருப்பதில்லை. இரு தரப்பாரையும் ஆயத்தப்படுத்த வேண்டும் என்பது அவர் கருத்து. சென்ற இதழ்க் கட்டுரையோ வருகிறவரின் ஏமாற்றத்தை மட்டும் அலசிவிட்டு, “எப்போது கிளம்புகிறீர்கள்?” என்ற கேள்வியை வாசலிலேயே எதிர்கொள்கிற அவர் நிலையை எண்ணிப் பார்க்கவே இல்லை.

இதில் சட்டம் செய்யக்கூடியதும் உண்டு. 2006இல் நிறைவேற்றப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, மாலுமிகளுக்கு மாதத்துக்குக் குறைந்தது 2.5 நாள் என்ற கணக்கில் ஊதியத்துடன் கூடிய விடுப்பை உறுதிசெய்கிறது. அப்படியிருந்தும், நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனம், கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்தே என் விடுப்பைக் கணக்கிட்டது. விமான நிலையங்களில் காத்துக் கிடந்த நேரமெல்லாம் என் ஓய்வாகவே எழுதப்பட்டது. கட்டுமானம், எண்ணெய்க் கிணறு, திட்டப் பணி என்று நிலத்தில் வேலை செய்கிறவர்களில் பலருக்கோ அவரவர் ஒப்பந்தம் சொல்வதுதான் கதி. பயண நாட்களை விடுப்பில் சேர்க்கக் கூடாது என்பதையும், தொலைதூரத்திலிருந்து வருகிறவருக்கு உடம்பு தேறுவதற்கென்று தனியாகச் சில நாட்கள் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இவர்களை விருந்தாளிகள் என்று அழைத்த அதே பக்கத்தில், இந்த விடுப்புக் கணக்கைப் பற்றியும் பல தொழில்களில் உள்ளவர்களைக் கேட்டு விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்