உதட்டைக் குவித்த கதை

மதுரை
ஆகஸ்ட் 12

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. பாரிஸில் இருந்துகொண்டு இன்னமும் பேனா பிடித்து எழுதுகிறாயே, அதற்கே உனக்கு ஒரு டப்பா மாவடு அனுப்பலாம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது கண்ணுக்கு உலகமே வெள்ளை அடித்த மாதிரி இருக்கிறது. இடது கண் தை மாதத்துக்கு அப்புறம்தான்.

உன் பேத்தி சிரித்த கதையை நான்கு முறை படித்தேன். பிரெஞ்சில் 'ஒன்று' என்று நீ உதட்டைக் குவித்துச் சொன்னாய், அவள் "பாட்டி, இப்படி யாருமே சொல்வதில்லை" என்றாள். உனக்கு முகம் சுண்டிப் போய்விட்டது, அப்படித்தானே? எனக்கானால் புதுச்சேரி மாலை வகுப்புதான் ஞாபகம் வந்தது. மேசையைத் தட்டித் தட்டி "குவி, இன்னும் குவி" என்று நம்மைப் படுத்தி எடுத்தார்களே! நான் வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகியதைப் பார்த்து அம்மா பயந்தே போனாள். பழுப்பைக் குறிக்கும் 'ப்ரன்' வேறு, புல்லிதழைக் குறிக்கும் 'ப்ரன்' வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், மூக்கொலியில்தான் வித்தியாசம். முதலாவதற்கு உதடு குவிய வேண்டும், இரண்டாவதற்கு விரிய வேண்டும்.

பிரெஞ்சு மொழியியலாளர் ஆந்த்ரே மார்த்தினேயை ஞாபகம் இருக்கிறதா? மொழியியல் பாடத்தில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தோம். கண் தெளிந்ததும் நான் முதலில் எடுத்து வைத்துக்கொண்டது அவரைத்தான். உன் பேத்தி சொன்னதை அந்த மனிதர் 1941-லேயே நோட்டில் குறித்து வைத்திருக்கிறார், அதுவும் சிறைமுகாமில்.

ஆள் 1908-ல் சவோய் மலைப்பகுதியில் பிறந்தவர். அங்கே பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு ஒன்று, ஊர்ப்பேச்சு வேறொன்று. பின்னாளில் அந்தப் பக்கத்து ஓத்வில் ஊரின் பேச்சையே ஒலியன் ஒலியனாக, அதாவது சொல்லுக்குச் சொல் பொருளை வேறாக்கும் ஒலிகளாகப் பிரித்து, ஆராய்ந்து எழுதினார். படித்தது ஆங்கிலம். 1937-ல் முடித்த டாக்டர் பட்ட ஆய்வுகள் ஜெர்மானிய மொழிகளையும் டேனிஷையும் பற்றியவை. மறு வருஷமே பாரிஸின் உயர் ஆய்வுப் பள்ளியில் ஒலியனியல் துறை அவர் கைக்கு வந்தது. ஒலியனியலை வளர்த்த பிராக் மொழியியல் வட்டத்தைச் சேர்ந்த த்ருபெத்ஸ்கோயுடன் கடிதப் போக்குவரத்தும் இருந்தது. முப்பது வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும்? அதற்குள் போர் வந்துவிட்டது. பிரான்ஸ் தோற்றது, இவர் போர்க்கைதியாகி ஜெர்மனியில் அதிகாரிகளுக்கான முகாமில் அடைபட்டார்.

அங்கே புத்தகம் இல்லை, பதிவுக் கருவி இல்லை. ஆனால் பிரான்ஸின் எல்லா மூலையிலிருந்தும் வந்த ஆண்கள், வெளியே போக வழியில்லாமல், பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். இவர் கேள்வித்தாள் தயாரித்துவிட்டார். இந்த இரண்டு 'ப்ரன்'னையும் ஒன்றுபோலவே சொல்வீர்களா? விலங்கின் பாதத்தைக் குறிக்கும் 'பத்'தும், பிசைந்த மாவைக் குறிக்கும் 'பாத்'தும் உங்கள் வாயில் ஒன்றா, வேறா? இப்படியே போகிறது. 409 பேர் பதில் எழுதினார்கள். அதை ஊர்வாரியாகவும் வயதுவாரியாகவும் பிரித்து 1945-ல் புத்தகமாகப் போட்டார்.

எனக்குப் பிடித்தது கேள்வி கேட்ட விதம். 'எப்படிச் சொல்ல வேண்டும்?' என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. 'நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?' என்பதோடு சரி. முப்பத்திரண்டு வருஷம் சிவப்பு மையோடு பிழைப்பு நடத்தியவள் நான், எனக்குச் சுருக்கென்றது. குறையும் சொல்லவேண்டும்: 409 பேரில் ஒரு பெண்கூட இல்லை, எல்லாம் படித்த அதிகாரி வர்க்கம். அந்த ஆட்களின் வீட்டுச் சமையலறையில் பிரெஞ்சு எப்படி ஒலித்தது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் கிடைக்காது.

ஒலி ஏன் மறைகிறது என்பதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது, 1955-ல் வந்த பெரிய நூலில். பேச வேண்டிய தேவை ஒரு பக்கம் இழுக்கும், வாயின் சோம்பலும் நினைவின் சோம்பலும் மறுபக்கம் இழுக்கும். ஓர் ஒலி வேறுபாட்டை நம்பி நிறையச் சொற்கள் பிழைத்தால் அது தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம், பத்துப் பதினைந்து சொற்கள்தான் என்றால் குறைவு. உன் குவிந்த உதட்டை நம்பி இருக்கும் சொல்ஜோடிகள் ரொம்பக் குறைவு, பாரிஸ் அதைக் கைகழுவிவிட்டது. இந்தக் கணக்கை நம் ழகரத்தில் போட்டுப் பார்த்தேன். வழி-வளி, தாழ்-தாள், வாழை-வாளை என்று ஜோடிகள் வந்துகொண்டே இருக்கின்றன. இருந்தும் இங்கே எங்கள் தெருவில் 'வாளப்பளம்'தான் விற்கிறது. ஒலி ஜோடி மட்டும் போதாது, வண்டியில் கண்ணெதிரே பழம் தொங்குகிறதே! மார்த்தினேயும் இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

போருக்குப் பிறகு நியூயார்க் போனார். உலகத்துக்குப் பொதுவாக ஒரு துணைமொழி செய்ய முயன்ற சங்கத்தில் கொஞ்ச காலம், பிறகு கொலம்பியா பல்கலைக்கழகம். 1955-ல் திரும்பி வந்து சோர்போனில் பாடம் எடுத்தார். 1960-ல் வந்த அறிமுக நூல்தான் நாம் தேர்வுக்குப் படித்த 'இரட்டைப் பகுப்பு'க்கு ஊற்று. அதில் அவர் எடுக்கும் உதாரணம் தலைவலி. வலிக்கிறவன் முனகலாம், அந்த முனகலைத் துண்டு போட முடியாது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்றால் அது பொருளுள்ள துண்டுகளாகப் பிரியும். அதில் 'தலை' என்ற துண்டை எடுத்தால் அது பொருளில்லாத ஒலிகளாக மறுபடி பிரியும். அந்தச் சில பத்து ஒலிகளை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இதை அன்றைக்கு யாராவது தலைவலியை வைத்துச் சொல்லித் தந்திருந்தால் எனக்கு அந்தத் தாளில் 41 மார்க் வந்திருக்காது.

கடைசிக் காலம் வேறு மாதிரி. அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கியின் இலக்கணத்தை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. காற்று அந்தப் பக்கம் வீசியபோதும் நகரவில்லை. மனைவி ழானோடு சேர்ந்து, குழந்தைகள் ஒலிப்பதை அப்படியே எழுதிப் பழகி, அப்புறம் வழக்கமான எழுத்துக்கூட்டலுக்குப் போகிற 'அல்போனிக்' முறையை உருவாக்கினார். அது பெரிதாகக் காலூன்றவில்லை. எழுத்துக்கூட்டலில் கைவைத்தால் எந்த ஊரிலும் சும்மா விடுவார்களா? 1999 ஜூலையில் இறந்தபோது வயது 91.

முகாம் வேலையை அவர் விடவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1973-ல் மாணவி ஆன்ரியெத் வால்தேருடன் ஒரு உச்சரிப்பு அகராதி கொண்டுவந்தார். 17 பேரைப் பேசச்சொல்லி, அவர்கள் ஒத்துப்போகாத இடங்களில் ஒருவர் சரி மற்றவர் தப்பு என்று சொல்லாமல், எத்தனை பேர் எப்படிச் சொன்னார்கள் என்று போட்டிருக்கிறார்கள். அந்த அகராதியை உன் பேத்தியிடம் காட்டினால் உனக்கும் ஓர் ஓட்டு விழும்.

இப்போது எனக்கு ஒரு வேலை செய். அவளிடம் காரணம் சொல்லாமல் 'பத்', 'பாத்' இரண்டையும் சொல்லச்சொல், ஒன்றா வேறா என்று கேட்டு எழுது. பக்கத்து வீட்டுக் கிழவியிடமும் கேள், மாப்பிள்ளையை விட்டுவிடாதே. வயதைக் குறிக்க மறக்காதே. மாவடு யார் கையிலாவது கொடுத்து அனுப்புகிறேன், அக்டோபரில் நம் கமலாவின் மகன் அந்தப் பக்கம் வருகிறானாம்.

உன்,
கலா