தீபாவளிக்கு டிவி மாற்றுமுன் தூரத்தை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது. எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தில் எந்த மின்சாதனக் கடைக்குள் நுழைந்தாலும் '4கே டிவி, மாதத் தவணை' என்ற பேச்சுதான். போன தீபாவளிக்கு நானும் அதில் விழுந்தவன், அதனால் எழுதுகிறேன்.

கடையில் ஓடிய படத்தில் மீனின் செதிலை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது. நன்றாக ஓடிய 32 அங்குல டிவியைத் தள்ளிவிட்டு 43 அங்குல 4கே டிவியைக் கூடத்தில் மாட்டினேன். மலேசிய அரசு ஒளிபரப்பு நிலையமான ஆர்டிஎம்மின் தமிழ்ச் செய்தியைப் போட்டால் ஆள் பெரிதாகத் தெரிந்தார், தெளிவு மட்டும் கூடவில்லை. ஃபுல் எச்டி திரையில் படத்தை உண்டாக்கும் புள்ளிகள் சுமார் 20 லட்சம், 4கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு. சரி, ஒளிபரப்பில் வராத நுணுக்கத்தை டிவி எங்கே போய்க் கொண்டுவரும்? வந்ததை இழுத்து நிரப்பித்தான் காட்டும்.

அப்புறம், மனைவியின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். என் பிரம்பு நாற்காலிக்கும் திரைக்கும் 9 அடி. 43 அங்குலத் திரையில் ஃபுல் எச்டி புள்ளிகளே 6 அடிக்கு அப்பால் நல்ல பார்வை உள்ளவருக்கும் தனித்தனியாகத் தெரியாது. எனக்கு வயது 67, கண்புரை அறுவை செய்துகொண்டவன். இணையத்தில் 4கே படம் பார்ப்பவர்களுக்கும், பெரிய திரைக்குப் பக்கத்தில் உட்காருபவர்களுக்கும் பலன் உண்டு, மறுக்கவில்லை. எங்களைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்கள் எதற்காகத் தவணை கட்ட வேண்டும்?

கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் திரை வேறு கதை. எஸ்பிஎம் என்னும் பள்ளித் தேர்வு எழுதப்போகும் என் பேத்தியின் பழைய மடிக்கணினித் திரை 1366க்கு 768 புள்ளிகள் கொண்டது. அதில் தமிழ்ப் பாடக் குறிப்பைத் திறந்தால் 'ண்' மேலிருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், கால் எது 'ர' எது என்று பிள்ளை திரையில் மூக்கை வைத்துப் பார்ப்பாள். அதே 15.6 அங்குலத்தில் 1920க்கு 1080 திரையுள்ள, பிறர் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே, "தாத்தா, புள்ளியெல்லாம் தனியா தெரியுது" என்றாள். டிவிக்குக் கட்டும் தவணையை முதலிலேயே இதற்குக் கட்டியிருந்தால் அந்தப் பிள்ளை ஒரு வருடம் கண்ணைச் சுருக்கிப் படித்திருக்க வேண்டியதில்லை.

கடைக்காரர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மீன் படத்தை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் தமிழ்ச் செய்தியைப் போடுங்கள். 9 அடி தள்ளி ஒரு நாற்காலியும் போடுங்கள். வாங்க வருபவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்),
சுங்கை சிப்புட், பேராக்