பாடகியைப் பாடகி என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரெஞ்சு ஓபரெட்டா (வசனமும் பாட்டும் கலந்த லேசான இசை நாடகம்) பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். பாடகி இவோன் பிரேந்தாம் எங்கே வருகிறார் என்று தேடினால், கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி. நாடகாசிரியர் சாஷா கித்ரியின் மனைவி, பிறகு நடிகர் பியேர் ஃப்ரேனேயின் துணைவி. அவ்வளவுதான். பல வருடங்களாக அந்தக் குரலைக் கேட்டு வருகிறவள் நான். மனசு ஆறவில்லை, எழுதிவிட்டேன்.

கித்ரியோடு சேர்வதற்கு முன்பே பாரிஸ் அவரை அறிந்திருந்தது. 1894-இல் பிறந்தவர், 1908-இல் லா சிகால் அரங்கில் மேடையேறியபோது 14 வயதுகூட நிரம்பவில்லை. அப்புறம் ஃபோலி பெர்ஷேர் அரங்கம். வினியோல் என்ற குடும்பப் பெயர் மறைந்து, வசந்தம் என்று பொருள்படும் பிரேந்தாம் நிலைத்தது.

1919-இல் கித்ரியை மணந்தார். கித்ரி அவருக்காகவே நாடகங்கள் எழுதியதும் உண்மை. ஆனால் அந்த நாடகங்களுக்குள் இசை வந்து உட்கார்ந்தது இவர் பாடுவார் என்பதால்தானே? 1923-இல் 'முகமூடிக் காதல்' ஓபரெட்டாவுக்கு இசையமைத்தவர் ஆந்த்ரே மெஸஜே. 1925-இல் 'மோஸார்ட்' நாடகத்துக்கும் இசையமைக்க முதலில் மெஸஜேயைத்தான் கேட்டார்கள். அவரால் முடியாமல் போகவே ரெய்னால்டோ ஹான் எழுதிக் கொடுத்தார். ஆண் வேடமிட்டு இளம் மோஸார்ட்டாக நின்று பாடியவர் பிரேந்தாம்.

கித்ரியைப் பிரிந்த பிறகு ஓய்ந்துவிடவும் இல்லை. 1934-இல் லண்டனில் ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவர்ட் அவருக்காகவே ஓர் இசை நாடகம் எழுதினார். இவருக்கோ ஆங்கிலம் கிட்டத்தட்ட தெரியாது. ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து முழு வேடத்தையும் நடித்தார். ஒரு மொழி தெரியாமல் அந்த மொழி ரசிகர்களையே கட்டிப்போடுவது லேசான காரியமா?

சினிமாவில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1918-இலேயே கித்ரியோடு ஒரு படத்தில் நடித்தார். ஊமைப்படம். குரலே சொத்தாக இருந்த பெண் திரையில் வாயசைக்கிறார், ஒன்றும் கேட்காது! பேசும்படம் வந்த பிறகுதான் நியாயம் கிடைத்தது. 1934-இல் ஃப்ரேனேயுடன் 'கமேலியா சீமாட்டி', 1938-இல் 'மூன்று வால்ட்ஸ்கள்'. இரண்டாவதில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களாகவும் அவரே வருகிறார். பாட்டி நடனக்காரி, மகள் ஓபரெட்டா பாடகி, பேத்தி சினிமா நடிகை. மேடையிலிருந்து திரைக்கு அவர் வந்த பாதையே அந்தப் படத்தில் இருப்பதுபோல் எனக்குத் தோன்றும். 1950-இல் வந்த 'பாரிஸ் வால்ட்ஸ்' படத்தில், இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் நாயகியாக ஓபரெட்டாவை ஆண்ட ஹோர்ட்டன்ஸ் ஷ்னைடராக நடித்தபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டுமென்றால் 'காதலின் பாதைகள்' பாட்டைக் கேளுங்கள். 1940-இல் ஒரு நாடகத்தில் அவர் பாடுவதற்காக ஃபிரான்சிஸ் பூலாங்க் அமைத்த வால்ட்ஸ் மெட்டு. அவர் குரலிலேயே பதிவு இருக்கிறது. இன்று உலகமெங்கும் ஓபரா பாடகிகள் அதைப் பாடுகிறார்கள். முதலில் பாடியவர் யார் என்பதை உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

மெஸஜே, ஹான், கவர்ட், பூலாங்க் நால்வரும் இசை எழுதியது இந்தக் குரலுக்காக. அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது முதலில் பாடகி என்று போடுங்கள். கணவர் பெயர் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
காரைக்கால்