அப்பாவை அவர் சொன்னபடியே அனுப்ப உதவியவர்களுக்கு

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை ஊர்க்காரர்களுக்கும், வேலந்தாவளம் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

அப்பாவுக்குப் பறை அடிக்கவில்லை, பாடை கட்டவில்லை, கொள்ளிக்குடம் உடைக்கவில்லை. வீட்டிலிருந்து நேரே கோவைப் பக்கத்து எரிவாயு தகன மேடைக்குக் கொண்டுபோனோம். நல்ல நினைவோடு இருந்தபோதே அவர் கேட்டுக்கொண்டது இது. “நாதியத்தவன் மாதிரியா அனுப்புவீங்க?” என்று சிலர் கோபித்தார்கள். தம்பிக்கு வாய்க்கரிசி போடும் ஆசை பெரிய அத்தைக்கும் இருந்தது. ஆனாலும், “அவனே வேண்டாம்னுட்டான், அப்புறம் என்ன? கம்முனு இருங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் பேச்சு அடங்கியது. முதல் நன்றி அத்தைக்கு.

சடங்கு இல்லாவிட்டாலும் காகித வேலை உண்டு. வீட்டில் நடந்த சாவு என்பதால், காரணம் எழுதித் தர டாக்டர் வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ராத்திரியே வந்து பார்த்து 4ஏ படிவம் கொடுத்தார். தகன மேடைக்கு போன் செய்தபோது அங்கிருந்த ஊழியர் எடுத்ததும் கேட்டது, “பேஸ்மேக்கர் இருக்குங்களா?” அப்பாவுக்கு இருந்தது, இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் அந்தச் சின்னக் கருவி. உலைச் சூட்டில் அதன் பேட்டரி வெடித்துவிடும், ஆளுக்கும் ஆபத்து, உலைக்கும் சேதம். டாக்டரே சின்னதாகக் கீறி எடுத்து, தைத்தும் விட்டார். இருவருக்கும் எப்படி நன்றி சொல்ல? அந்த ஊழியர், ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், சாம்பலை இன்ன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் பொறுமையாக விளக்கினார்.

எரித்த ஊரில்தான் சாவைப் பதியணும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பஞ்சாயத்து அலுவலக அம்மாதான் தெளிவுபடுத்தினார்: சாவு நடந்த இடத்தில்தான் பதிவு, 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. மலையாளப் படிவத்தைத் தமிழில் சொல்லி நிரப்பவும் வைத்தார்.

சாம்பலைத் திருவில்வாமலை ஐவர்மடத்துக்குக் கொண்டுபோய் நிளை (பாரதப்புழை) ஆற்றில் கரைக்கலாம் என்றார் மாமா. அம்மா தோப்பில் தென்னைக்குப் போடச் சொன்னார். மாமா மறுபேச்சில்லாமல் மண்வெட்டி எடுத்து வந்தார்.

ஆம்புலன்ஸ் ஓட்டிய தம்பிக்கும், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு இட்லி, ரசம் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி.

பதினாறாம் நாள் காரியம் கிடையாது. அம்மா வீட்டில்தான் இருப்பார், தோன்றும்போது வந்து பேசிக்கொண்டிருங்கள். பேர் வெட்டாத தூக்குப்போசிகள் இரண்டு எங்களிடம் இருக்கின்றன, யாருடையது என்று சொன்னால் கொடுத்தனுப்புகிறோம்.