641 எங்கே ஒளிந்திருக்கிறது?

அன்பு மகளுக்கு,

4294967297 பகா எண்ணா என்று கேட்டிருந்தாய். இல்லையம்மா, அது 641 × 6700417. ஆனால் விடையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடாதே, ருசியெல்லாம் வழியில்தான் இருக்கிறது.

கோடி, லட்சமாகப் பிரித்துப் படி: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. கடைசி இலக்கம் 7, அதனால் 2, 5 இரண்டும் போகாது. இலக்கங்களின் கூட்டல் 59, எனவே 3-ம் போகாது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 38, 21. வித்தியாசம் 17, எனவே 11-ம் போகாது. இப்படியே வகுத்துக்கொண்டு போனால் வர்க்கமூலமான 65536 வரை 6542 பகா எண்கள் காத்திருக்கின்றன. கையால் ஆகிற காரியமா?

எண் எங்கிருந்து பிறந்தது என்று பார். இது 2-இன் 32ஆம் அடுக்கோடு 1. இதே குடும்பத்தில், அதாவது 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் என்று 1640-இல் கணிதமேதை பெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதமேதை ஆய்லர் அதை உடைத்தார். அவருடைய பிடி இதுதான்: இதை வகுக்கும் பகா எண்ணை 'ப' என்று வைத்துக்கொள். ப-ஆல் வகுக்கும்போது 2-இன் 32ஆம் அடுக்கின் மீதி −1 (மீதியின்றி வகுபட 1 குறைகிறது என்று பொருள்). எனவே 64ஆம் அடுக்கில்தான் முதன்முதலாக மீதி 1 வரும். ப பகா எண் என்பதால் ப−1ஆம் அடுக்கிலும் மீதி 1 வரும் (இது பெர்மாவின் சிறு தேற்றம்). ஆகவே ப−1, 64-ஆல் வகுபட்டே தீரவேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மீதி பூச்சியம்! 1878-இல் லூக்கா என்ற கணித அறிஞர் அந்த 64-ஐ 128 ஆக உயர்த்தினார். அப்போது 257, 641 இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.

நீள் வகுத்தல் அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி. 641 = 5 × 128 + 1; 641 = 625 + 16-உம்கூட. முதலாவதின்படி 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதின்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். 2³²-இன் மீதி −1 என்று வந்துவிடும்.

பலர் இங்கேயே எழுந்துவிடுவார்கள். 6700417 பகா எண்தானா என்று யார் பார்ப்பது? அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். இதை வகுக்கும் எண் நம் பெரிய எண்ணையும் வகுக்கும் என்பதால், 128 விதிப்படி, 257 ஏற்கெனவே கழிந்தது போக, 641, 769, 1153, 1409 நான்குதான் மிச்சம்; மீதிகள் 44, 120, 334, 622. பகா எண்தான்.

நிரல் எழுதப்போகிறாய் என்றால் இரண்டு பள்ளங்கள். குறியில்லாத 32 பிட் மாறியில் அதிகபட்சம் 4294967295தான் அடங்கும். நம் எண்ணைப் போட்டால் சத்தமில்லாமல் 1 ஆகிவிடும். 64 பிட்டிலும் அடுக்குச் சோதனையில் (ஓர் அடிமான எண்ணை, சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) 4294967296-ஐ வர்க்கப்படுத்தினால் சரியாக 2⁶⁴, அதாவது மாறியில் 0. மீதி எடுக்கும் முன்பே விடை போய்விடும், 128 பிட் பெருக்கல் வேண்டும்.

இன்னொன்று, அந்தச் சோதனையில் அடிமானமாக 2 வைத்துச் சோதிக்காதே. இந்தக் குடும்பத்தில் பகு எண்ணும் அதில் பகா எண்ணைப் போலத் தேறிவிடும். 3-ஐ வைத்துப் பார், குட்டு வெளிப்படும்.

அன்புடன்,
அப்பா