வாசலில் பூ விற்கும் ஆயாவுக்கும் எங்கள் தெருவுக்கும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவாருக்கும், என் உல்லன் நூல் கடைக்கு வந்துபோகும் எல்லாருக்கும் வணக்கம்.

என் கடையிலிருந்து காணாமல் போன சீட்டுப் பணப் பை கிடைத்துவிட்டது. சில நோட்டுகளின் ஓரம் போயிருக்கிறது, வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். மற்றபடி ஒரு ரூபாய் குறையவில்லை. அந்தப் பதினொரு நாள் கதை உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல எனக்கும் தெம்பில்லை. கை இன்னும் நடுங்குகிறது. ஆனால் நன்றியை ஆறப்போட மனசு வரவில்லை.

முதல் நன்றி வாசலில் பூ விற்கும் ஆயாவுக்கு. பை கிடைக்க வழி காட்டியதற்கு மட்டும் இல்லை, அதற்கு முன்னால் அவர் செய்த ஒரு காரியத்துக்கு.

கடையில் என்னோடு நிற்கும் பெண்தான் பையை எடுத்திருப்பாள் என்ற சந்தேகத்தில் அந்த நாட்களில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான். குரோஷா ஊசி பிடிப்பதிலிருந்து எல்லாம் ஏழு வருஷமாக என்னிடம் கற்றுக்கொண்ட பெண். சாயங்காலம் கிளம்பும்போது அவளாகவே தன் பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்துக் காட்டுவாள். டிபன் பாக்ஸ், சீப்பு, பஸ் சில்லறை. "வேண்டாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை ஆயா படியில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறார்.

மறுநாள் கடை திறந்ததும் ஒரு முழம் மல்லியோடு உள்ளே வந்தார். ஆட்கள் நிறைந்திருந்த நேரம். "தலைய காட்டு கண்ணு" என்றார். அத்தனை பேர் முன்னால் அவரே வைத்துவிட்டார். காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறியபோதும் அந்த ஒரு முழம் நிற்கவில்லை. கடையில் பேச்சு மெதுவாக மாறியது அந்தப் பூவுக்குப் பிறகுதான். தலையில் பூ வாடாமல் நிற்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டே திருடி என்று முணுமுணுக்க யாருக்கும் நாக்கு எழவில்லை.

பைக்கு வழி காட்டிய நூல் கிடைத்ததும் ஆயாவிடம்தான். பத்ரியன் தெருவில் பூ எடுத்துவந்து, நான் வருவதற்கு முன்பே வாசலைக் கழுவிவிடுவார். கால்வாய் மூடியின் இடுக்கில் விரல் நீளத்துக்கு ஒரு நீல நூல். நானாக இருந்தால் பெருக்கித் தள்ளியிருப்பேன். அவர் வாழையிலைத் துண்டில் மடித்து வைத்திருந்தார்.

"கத்திரில வெட்டுனா முனை ஒண்ணா நிக்கும் கண்ணு. இத்த பாரு, பிசிறு பிசிறா கீது. பல்லு பட்ட நூலு."

நாள் முழுக்க நூலைக் கிள்ளும் கை அவருடையது. காலாடிப்பேட்டையில் பிறந்தவர். கம்பெனி காலத்து மதராஸ் கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் அது, காலெட்பேட்டைதான் காலாடிப்பேட்டை ஆனது. தாத்தா காலம் வரைக்கும் வீட்டில் தறி ஓடியது என்று ஆயா அன்றைக்குத்தான் சொன்னார். பத்து வருஷமாக என் படியில் உட்காருகிறவரிடம் நான் இதைக் கேட்டதே இல்லை.

ஆனால் அது பையைக் கட்டியிருந்த நூல்தானா? அந்த நீலத்தில் ஒரே ஷேட் நம்பரில் இரண்டு லாட், அதாவது இரண்டு தடவையாகச் சாயம் போட்ட நூல், இருக்கிறது. ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் நிறம் ஒரு பொட்டு மாறும், டியூப் லைட்டில் பிடிபடாது. வெயிலுக்கு எடுத்துப்போய் இரண்டு உருண்டைகளுக்கும் நடுவில் வைத்தோம். "பழைய லாட்டுக்கா" என்று முதலில் சொன்னவள் அந்தப் பெண்தான். பழைய லாட்டை நான் விற்பதில்லை, கட்டுக் கட்ட மட்டுமே வைத்திருக்கிறேன். அப்புறம்தான் கால்வாய்ப் பக்கச் சுவரில் இருந்த பொந்து கண்ணில் பட்டது. பசிக்கு இருக்கட்டும் என்று நான் பைக்குள் போட்ட கடலை உருண்டையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெருச்சாளி இழுத்துப்போனதற்கு ஒரு பெண் பதினொரு நாள் தலைகுனிந்து நின்றாள்.

அலமாரிகளை நகர்த்திய டீக்கடைத் தம்பிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து சுவரை இடித்து, அன்றே பூசியும் கொடுத்த கொத்தனாருக்கும், பணத்துக்கு நெருக்காமல் காத்திருந்த சீட்டுக்கார அக்காக்களுக்கும், எதிர்க்கடை அண்ணனுக்கும், ராத்திரியெல்லாம் என்னோடு விழித்திருந்த என் அண்ணிக்கும் மனசார நன்றி.

அந்தப் பெண்ணிடம் வீட்டுக்கே போய், அவள் அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சந்தேகப்பட்டது தெருவுக்கே தெரியும் என்பதால் இங்கேயும் கேட்கிறேன். இனி என் கடையில் யாரும் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டியதில்லை. இந்த மாதச் சீட்டுக் கணக்கை அவள்தான் எழுதுகிறாள்.

ஆயா, காசு கொடுத்தால் திட்டுவீர்கள். பழைய லாட்டில் ஐம்பது கிராம் உருண்டை ஆறு மிச்சம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு சால்வை போட ஆரம்பித்துவிட்டேன், ஒரு சாண் முடிந்திருக்கிறது. உல்லன் என்று சொன்னாலும் இது அக்ரிலிக்தான், பூத்தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். விடியற்காலைப் பனியில் பூ எடுக்கப் போகிறீர்களே, மார்கழி பிறப்பதற்குள் முடித்துத் தருகிறேன்.